ஒரு வயதுக் குழந்தைக்கு எந்தப் பால்?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த வாரம் ஒரு வயது முடிகிறது. எடை 8.9 கிலோ. காலையிலும் இரவிலும் தாய்ப்பால் கொடுக்கிறேன். நான் வேலைக்குப் போவதால் பகலில் மூன்று முறை ஃபார்முலா, ஒவ்வொரு முறையும் 180 மி.லி., பாட்டிலில். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பாலுக்கு மாற்றலாம் என்று தடுப்பூசி போடப் போனபோது சொன்னார்கள். எங்கள் வீட்டில் வாங்குவது நீல பாக்கெட். கொழுப்பு குறைத்த பால் இரண்டு வயது வரை கூடாது என்று இணையத்தில் படித்ததிலிருந்து அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. மாமியார், "பாக்கெட் பாலெல்லாம் பவுடர். பக்கத்துத் தெருவில் கறந்து தருகிறார்கள், அதை வாங்கிப் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடு" என்கிறார். கணவர் ஏ2 பால் வாங்கலாம் என்கிறார். மருந்துக் கடைக்காரர் ஒரு வயதுக்கு மேல் கொடுக்கும் பவுடர் டின்னை எடுத்து வைத்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — திருப்பூர் வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தில் ஆளுக்கொரு பால் சொல்கிறார்கள். குழந்தை என்ன சாப்பிடுகிறாள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. என் கிளினிக்கிலும் இதே கதைதான். ஒரு வயது நெருங்கியதும் எந்தப் பால் என்ற கேள்வி வீட்டையே இரண்டாக்கிவிடும். சோறு, பருப்பு, முட்டை பற்றி நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நீல பாக்கெட்டே போதும், இன்னும் கொஞ்சம் கொழுப்பு வேண்டுமென்றால் ஊதாவோ பச்சையோ வாங்குங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 400 மி.லி.க்கு மேல் போக வேண்டாம். பவுடர் டின்னைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். எடை பற்றியும் கவலை வேண்டாம், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடே 8.9 கிலோதான்.

உங்கள் பயத்துக்குக் காரணமான விஷயத்தை முதலில் பார்ப்போம். இரண்டு வயது வரை மூளை வேகமாக வளர்கிறது, கொழுப்பு வேண்டும், அதனால் முழுக் கொழுப்புப் பால் கொடுங்கள் என்று அமெரிக்கத் தளங்களில் எழுதியிருப்பார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அங்கே முழுப்பால் என்று விற்பதில் இருக்கும் கொழுப்பு 3.25 சதவீதம். இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்கள் சொல்வது 2 சதவீதம், 1 சதவீதம் என்று விற்கும் பாலை. இப்போது உங்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆவின் நீல பாக்கெட் என்றால் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம் என்று இருக்கும். 'டோன்டு' என்று போட்டிருப்பதால் ஏதோ சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்ட பால் மாதிரித் தோன்றுகிறது. அமெரிக்க முழுப்பாலுக்கும் இதற்கும் வித்தியாசம் கால் சதவீதம். குழந்தை சாப்பிடும் பருப்புச் சோற்றில் அரை ஸ்பூன் நெய் விட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது.

ஊதா பாக்கெட்டில் 3.5 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கறந்த பசும்பாலுக்கு மிக நெருக்கமானது ஊதா. பச்சையும் நல்ல தேர்வுதான். ஆரஞ்சு கிட்டத்தட்ட எருமைப்பால் கணக்கு. ஒரு வயதுக்கு மேல் கொடுத்தால் தப்பில்லை, ஆனால் வயிறு சீக்கிரம் நிறைந்து அடுத்த வேளைச் சாப்பாடு கெடும் என்பதால் நான் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. 1.5 சதவீதக் கொழுப்புள்ள 'டபுள் டோன்டு' பாக்கெட்டைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், அது தாத்தாவின் காபிக்கு இருக்கட்டும். தனியார் நிறுவனங்களின் பாக்கெட் நிறங்கள் ஆவினோடு ஒத்துப்போகும் என்று நினைத்துவிட வேண்டாம். நிறத்தை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் கொழுப்பு சதவீதத்தைப் படியுங்கள். ப்ளஸ் எஃப் என்ற முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்த பால் என்று அர்த்தம். இருந்தால் நல்லது.

அடுத்து மாமியார். பாக்கெட் பால் பவுடர் என்று அவர் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை. டோன்டு பால் பிறந்ததே அப்படித்தான். 1946-ல் பம்பாயில் தாரா குரோடி என்ற பால்வள நிபுணர், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் தண்ணீரும் கொழுப்பெடுத்த பால் பவுடரும் சேர்த்து, விலையைக் குறைத்து நிறையப் பேருக்குப் பால் கிடைக்க வழி செய்தார். இன்றும் அளவைச் சரிக்கட்ட பால் பவுடர் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது பாலைக் காய்ச்சி உலர்த்திய பவுடர். புரதமும் கால்சியமும் அதிலேயே இருக்கின்றன. பாக்கெட் பாலில் ஆடை சரியாகப் படிவதில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். 'ஹோமோஜெனைஸ்டு' என்று போட்ட பாலில் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கலந்துவிடுகிறார்கள், அதனால் மேலே மிதந்து ஆடையாகச் சேராது. கொழுப்பு உள்ளேதான் இருக்கிறது.

கறந்த பாலை வாங்கலாமா என்றால், வாங்கலாம். மாடு எங்கே கட்டியிருக்கிறது, யார் கறக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. பொங்கி வரும்வரை காய்ச்ச வேண்டும். பச்சைப்பால் ஒரு வாய்கூட வேண்டாம், புருசெல்லோசிஸ், காசநோய்க் கிருமிகள் பச்சைப்பாலில் வரக்கூடியவை. நான் ஒப்புக்கொள்ளாதது அந்தத் தண்ணீரைத்தான். அந்தப் பால் உங்கள் அடுப்படியில் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். வாங்கும்போது 4 சதவீதக் கொழுப்பு என்றே வைத்துக்கொள்வோம். காய்ச்சி ஆறவைத்ததும் ஆடையை வழித்து நெய்க்கென்று கிண்ணத்தில் சேர்த்துவிடுவார்கள், அங்கேயே ஒரு பங்கு போயிற்று. மீதிப் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் குழந்தைக்குப் போவது 1.5 சதவீதம்கூடத் தேறாது. நீங்கள் நீல பாக்கெட்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். மாமியார் கொடுக்கச் சொல்வது அதில் பாதிச் சத்துகூட இல்லாத பால். புரதமும் கால்சியமும் அதே அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும்.

இந்தத் தண்ணீர்ப் பழக்கத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைக்கு மாட்டுப்பால் மட்டுமே கதி என்றிருந்த காலத்தில், அதிலிருக்கும் அதிகப் புரதத்தையும் உப்பையும் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது என்று நீர்க்கச் செய்து கொடுத்தார்கள். உங்கள் மகளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. மாமியாரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்: "அத்தை, அது கைக்குழந்தைக்குத்தானாம், இவளுக்கு ஒரு வயசு ஆச்சு, தண்ணி வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க." தண்ணீரைத் தனியாக டம்ளரில் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள், மனமும் கோணாது.

கலப்படப் பயம் உங்கள் கடிதத்தில் நேரடியாக இல்லாவிட்டாலும் பாக்கெட் என்றதும் எல்லோருக்கும் வருவது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. உடல்நலத்துக்கு ஆபத்தான கலப்படம் இருந்தவை 12. அதைவிடக் கவலை தரும் விஷயம் வேறு: 5.7 சதவீத மாதிரிகளில், பூஞ்சை பிடித்த தீவனத்தின் வழியாகப் பாலுக்கு வரும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு வரம்புக்கு மேல் இருந்தது. அது காய்ச்சினால் போகாது. பக்கத்துத் தெரு மாட்டுக்கும் அதே புண்ணாக்குதான், அதே தீவனம்தான் என்பதால் கறந்த பால் என்றால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. ஒரே உணவை லிட்டர் கணக்கில் கொடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

கணவர் சொல்லும் ஏ2 விஷயத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் இரண்டு வகை, அதில் ஒன்று ஏ2. உங்கள் மாவட்டத்துக் காங்கேயம் மாடு போன்ற நாட்டு மாடுகளின் பாலில் பெரும்பாலும் அந்த வகைதான் இருக்கும். சொல்லப்போனால் எருமைப்பாலிலும் அதுதான், எருமைப்பாலுக்கு யாரும் அந்தப் பெயர் சொல்லி விலை ஏற்றுவதில்லை. ஒரு வயதுக் குழந்தையின் வளர்ச்சிக்கு ஏ2 கூடுதலாக எதையும் செய்யும் என்று நிரூபணம் இல்லை. பால் ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கும் அது உதவாது. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஏ1, ஏ2 விளம்பர வாசகங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு வாரம் பத்து முட்டையும் கொஞ்சம் மீனும் வாங்கலாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக் கடைக்காரர் எடுத்து வைத்திருக்கும் டின்னும் தேவையில்லை. 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு இந்த அடுத்த நிலைப் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் 1992-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டு வயது வரைக்குமான பால் பவுடரையும், குழந்தை உணவையும், பால் பாட்டிலையும் விளம்பரப்படுத்துவதே அதன்படி குற்றம். கடைக்காரர் எடுத்து வைத்திருப்பது பாசத்தினாலேயே இருக்கட்டும், நீங்கள் வாங்க வேண்டாம். பாதாம் பால், ஓட்ஸ் பால் வகையறாவும் இந்த வயதில் மாட்டுப்பாலுக்கு மாற்றாகாது, புரதம் மிகக் குறைவு.

இப்போது நான் முதலில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்முலாவை நிறுத்தும்போது அதிலிருந்த ஒரு முக்கியமான பொருளும் சேர்ந்து நின்றுவிடுகிறது: இரும்புச்சத்து. ஃபார்முலாவில் அதைச் சேர்த்திருப்பார்கள். பசும்பாலில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம்தான். ஒரு வயதுக் குழந்தைக்கு நம் நாட்டு ஊட்டச்சத்து அளவுகோல்படி ஒரு நாளைக்கு வேண்டியது 8 மில்லிகிராம். பாலையே நம்பினால் 16 லிட்டர் குடிக்க வேண்டும்! போதாக்குறைக்குப் பாலிலிருக்கும் கால்சியமும் கேசினும் சோற்றிலும் கீரையிலும் இருந்து வரும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன.

பால் நிறையக் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று வெளுப்பாக இருப்பாள். பார்க்கிறவர்கள் நல்ல நிறம் என்பார்கள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் ரத்தமே இருக்காது. சோறு ஊட்டினால் துப்புவாள், பாட்டிலைக் காட்டினால் ஓடி வருவாள். அம்மா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிடவே மாட்டேங்கிறா டாக்டர், நல்ல வேளை பாலாவது குடிக்கிறா." பால் குடிப்பதால்தான் சாப்பிடவில்லை என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு லிட்டர் பாலில் 650 கலோரி இருக்கிறது. நாளெல்லாம் சேர்த்தே ஆயிரம் கலோரி சுமார்தான் வேண்டிய குழந்தைக்கு அப்புறம் எப்படிப் பசிக்கும்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பால் பாட்டிலுக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால்தான் அளவை அழுத்திச் சொல்கிறேன். கால்சியம் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வேண்டும். 400 மி.லி. பாலிலேயே ஏறக்குறைய 480 கிடைத்துவிடுகிறது. நீங்கள் இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள், அதை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். ஆகவே உங்கள் மகளுக்கு 300 முதல் 400 மி.லி. தாராளம். தயிரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். மதியம் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு சாப்பிட்டாள் என்றால் இரண்டு வேளை 120 மி.லி. பால் போதும். எக்காரணம் கொண்டும் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

சாப்பாட்டையும் பாலையும் ஒன்றாகக் கொடுக்காமல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சாப்பாடு முதலில். பருப்புச் சோறு தினமும் இருக்கட்டும், மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் பருப்பிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். தக்காளி, கொய்யாவும் அந்த வேலையைச் செய்யும். அசைவம் உண்டு என்றால் வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல் சின்னத் துண்டு வேகவைத்து மசித்து, மற்ற நாட்களில் முள் எடுத்த மீன், கோழி, முழு முட்டை. சைவக் குடும்பம் என்றால் முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை மசியல், கேழ்வரகுக் கூழ். எதுவானாலும் இந்த வயதில் உணவிலிருந்து மட்டும் முழு இரும்பையும் கொண்டுவருவது கஷ்டம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீயில் தொட்ட பிஸ்கட்டை மட்டும் யாரும் ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; டீ இரும்பை இன்னும் மோசமாகத் தடுக்கும்.

மாற்றும் முறை எளிது. வழக்கம்போல ஃபார்முலாவைச் சரியான அளவு தண்ணீரில் கலக்குங்கள், அதில் 30 மி.லி.யைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் காய்ச்சி ஆறவைத்த பாலைச் சேருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பாலின் பங்கைக் கூட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் முழுக்கப் பாலாகிவிடும். சில குழந்தைகள் முதல் நாளே முழு டம்ளரையும் குடித்துவிடுவார்கள், அப்படியானால் இந்தச் சடங்கே வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யாதீர்கள்: ஃபார்முலா பவுடரைத் தண்ணீருக்குப் பதில் பாலில் கரைத்துக் கொடுப்பது. சத்து இரட்டிப்பாகும் என்று சிலர் செய்கிறார்கள். உப்பும் புரதமும் அளவுக்கு மீறிப் போய்ச் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். சர்க்கரை, பனங்கற்கண்டு, மால்ட் பவுடர் எதுவும் பாலில் சேர்க்க வேண்டாம். ருசி பழகாத நாக்குக்கு வெறும் பாலே இனிப்புதான். பாலைக் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது தேவையான அளவு மட்டும் சுடவையுங்கள். இரவுக்கு ஃப்ளாஸ்க்கில் வெதுவெதுப்பாக ஊற்றி வைத்தால் கிருமி வளர அதுவே நல்ல இடம்.

பாட்டிலை இந்த மாற்றத்தோடு சேர்த்தே நிறுத்திவிடுவது சுலபம். வெறும் ஃபார்முலா என்றால் பாட்டில், பசும்பால் கலந்தது என்றால் டம்ளர் என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள். சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குப் பால் ஊற்றி அவள் கையிலேயே கொடுங்கள். பாதி சட்டையில் போகும், போகட்டும். ஒன்றரை வயதுக்குள் பாட்டில் வீட்டை விட்டே போய்விட வேண்டும். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டு வயதுக்குள் பழுப்பாகிக் கரைந்துவிடுவதைப் பார்க்கிறேன். டம்ளரில் கொடுத்தால் பால் அளவு தானாகவே குறையும், அதுவும் நமக்கு வேண்டியதுதான்.

ஒவ்வாமை வருமோ என்று பலர் கேட்பார்கள், உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கலாம். வழக்கமான ஃபார்முலா பசும்பால் புரதத்தில் செய்ததுதான். அதை இத்தனை மாதமாகக் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்றால் பசும்பாலுக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பலாம், பரிசோதனை எதுவும் வேண்டாம். முதல் சில நாள் மலம் கொஞ்சம் இறுகும் அல்லது நிறம் மாறும். ஆனால் பால் குடித்த சிறிது நேரத்தில் உடம்பில் தடிப்பு, உதட்டு வீக்கம், தொடர்ந்து வாந்தி என்று வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ பாலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். ஆட்டுப்பாலுக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று வீட்டிலேயே முயல வேண்டாம், பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. அவசரம் இல்லாத அறிகுறிகளும் உண்டு: உள்ளங்கை வெளுத்திருப்பது, சீக்கிரம் சோர்ந்துவிடுவது, மண், சுண்ணாம்பு, சுவரைச் சுரண்டித் தின்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடை, உயரத்தோடு அதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.